பாதி மூட்டை

தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெண்களுக்காகத் மலேசியாவில் தம்பின் டவுனில் ஒரு மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "அஞ்சலை ஆன்ட்டி உர ஸ்டோர்ல மண்டோரா இருந்தவங்க. அந்தக் காலத்துல உரம் எப்படிக் கலந்தீங்கன்னு சொல்லுங்க" என்றார்கள். இப்போது கம்பெனியே கலந்து, மணி மணியாக உருட்டி அனுப்பிவிடுகிறது. டிராக்டர் இழுத்துக்கொண்டு போய் விசிறுகிறது. கையால் கலப்பதை இளையவர்கள் யாரும் பார்த்ததில்லை. சொன்னேன், கை தட்டினார்கள். மேடையை விட்டு இறங்கும்போது ஆபீசில் வேலை செய்கிற ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"ஆன்ட்டி, உங்க டிவிஷன்ல மட்டும் உரம் பாதி மூட்டையாத்தான் காட்டுக்குப் போகுமாமே. ஏன்?"

"தூக்க சுலபம் லா, அதான்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அது பொய்யில்லை. ஆனாலும் என் காது மடல் சுட்டது. பேரப்பிள்ளை எடுத்த பிறகும் சுடுகிறது. மைக்கில் வாய் வராததை இங்கே எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்க முடியாது.

கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த புதிதில் புல் வெட்டினேன். ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டபோது கன்றுப் பைகளுக்கு மண் நிரப்பினேன். பிறகு உர ஸ்டோருக்கு அனுப்பினார்கள். வெயில் படாத வேலை என்று சந்தோஷமாகத்தான் போனேன்.

ஸ்டோர் ஆபீசுக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. அங்கே எங்களை மேற்பார்க்கிற மண்டோர் ரெங்கசாமி. ஒல்லியான மனிதர், காக்கி அரைக்கால் சட்டை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பெண்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார். "ஏம்மா" என்பார், யாரைச் சொல்கிறார் என்று நாங்களே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே புழுக்கமாக இருக்கும், நாங்கள் மேல் சட்டையைத் தளர்த்திக்கொண்டு வேலை செய்வோம் என்று அவருக்குத் தெரியும். அதனால் உள்ளே வருமுன் வாசல் தூணில் கைத்தடியால் தட்டிவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே பார்த்தபடி நின்றுவிட்டுத்தான் வருவார்.

காலையில் முதல் வேலை தரையைப் பெருக்குவது. ஒரு இடத்தில் ஈரம் இருந்தாலும் விடமாட்டார். சாக்கைப் போட்டுத் துடைக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றி வெறுங்காலை வைத்துப் பார்ப்பார். அப்புறம் கட்டி உடைப்பது. அமோனியம் சல்பேட் வரும்போது சீனி மாதிரி இருக்கும். மழை மாதத்தில் சும்மா கிடந்தால் கல்லாகிவிடும். மரச் சுத்தியலால் தட்டிக் கம்பி வலையில் சலிப்போம். அதைத் தரையில் நீளமாகப் பரப்பி, அதன் மேல் மண் நிறத்தில் பாஸ்பேட் மாவு, அதன் மேல் சிவப்புப் பொட்டாஷ். இரண்டு பேர் எதிரெதிராக நின்று மண்வெட்டியால் புரட்டுவோம். குவியல் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போகும், மறுபடியும் திரும்பி வரும். கண் இமையெல்லாம் மாவு ஒட்டிக்கொள்ளும். மண்டோர் குவியலில் அங்கொரு பிடி இங்கொரு பிடி அள்ளி, ஒரு வெள்ளை மங்குத் தட்டில் பரப்பி, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். எங்காவது வெள்ளையோ சிவப்போ தனியாகத் தெரிந்தால் தட்டைக் குவியலிலேயே கவிழ்த்துவிட்டு, "இன்னொரு தடவ" என்பார். அவ்வளவுதான், திட்டமாட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

சுண்ணாம்பு மூட்டையை மட்டும் அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது. அது வெள்ளை உரத்தில் பட்டால் மூக்கைப் பிடுங்குகிற வாடை கிளம்பும். மூத்திர வாடையேதான். ஸ்டோருக்குள் எப்போதும் லேசாக இருக்கிற வாடைதான், ஆனால் பல மடங்கு. "அந்த வாடைதாம்மா சத்து. அது காத்துல போயிட்டா மரத்துக்கு என்னா மிச்சம்?" என்பார்.

மூன்றாவது பிள்ளை பிறந்தபோது சீக்கிரமே வேலைக்குத் திரும்பிவிட்டேன். வேலைப் பதிவில் பேரை எடுத்துவிட்டால் கம்பெனி வீடு போய்விடும் என்று பயம். ஸ்டோரில் என் இடத்தில் வேறு ஆள் இருந்ததால் என்னைச் செம்பனைக் காட்டுக்கு அனுப்பினார்கள். லாரிக்காரன் மூட்டைகளை ரோட்டோரம் தள்ளிவிட்டுப் போய்விடுவான். அங்கிருந்து குன்றுச் சரிவில் படிப்படியாக வெட்டிய பாதையில் தலையில் சுமந்து போய், வாளியில் கொட்டி, ஒவ்வொரு மரத்தின் அடியிலும் வட்டமாகத் தூவ வேண்டும். தூவுவது விளையாட்டு மாதிரி. சுமப்பதுதான் பாடு.

ஒரு நாள் மூட்டையைத் தலைக்கு ஏற்றும்போது அடிவயிற்றுக்குள் என்னவோ நழுவியது. வலியைவிட, ஒரு பாரம் கீழே வந்து நின்ற மாதிரி இருந்தது. மரத்துக்குப் பின்னால் போய்க் கைவைத்துப் பார்த்தேன். உடம்புக்கு உள்ளே இருக்க வேண்டிய ஒன்று வெளியே இருந்தது. குடல் இறங்கிவிட்டது, இன்றோடு செத்தேன் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்தேன். பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரம் வந்துவிட்டதே என்றுதான் அப்போதும் யோசனை ஓடியது. சாகவில்லை. படுத்தால் உள்ளே போகும், நடந்தால் வெளியே வரும். கருப்பை இறங்கியிருக்கிறது, அதை 'அடி தள்ளியிருக்கு' என்று சொல்வார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பழைய சேலையைக் கிழித்துத் திரட்டி, கோவணம் மாதிரி இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அதோடு நிற்கவில்லை. இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் வந்துவிடும். என் மேல் வாடை அடிக்கிறதோ என்று எப்போதும் பயம். கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன், கல்யாண வீட்டில் சமையல் பக்கம் புகை நடுவே போய் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் மாரிமுத்துவிடம்கூடச் சொல்லவில்லை. அவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர், அதிகம் பேசாதவர். கைப்பிள்ளை முழித்துக்கொள்கிறது என்று சாக்கு சொல்லித் தனியாகப் படுத்தேன். தோட்டத்தில் எல்லோரும் சேர்ந்து சி ரூசாவுக்குக் கடல் குளிக்கப் போன வருடம், பிள்ளைகள் தண்ணீரிலிருந்து "அம்மா வா, அம்மா வா" என்று கத்தினார்கள். நான் பாயைவிட்டு எழவில்லை. அம்மாவுக்குக் கடல் பயம் என்று பெரியவன் தம்பியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஸ்டோரில் எப்போதும் அந்த வாடைதானே. அதற்குள் இருந்துவிட்டால் என்னை யார் முகர்ந்து பார்க்கப் போகிறார்கள்?

மண்டோரிடம் போய் நின்றேன். "மண்டோரே, என்னை மறுபடியும் உள் வேலையில போடுங்க."

"ஏம்மா, காடு கசக்குதா?"

"பிள்ளை சின்னதா இருக்கு."

"எல்லாருக்கும்தாம்மா பிள்ள இருக்கு. நீ நடக்கிற நடையப் பாத்தேன். காலுக்கு வலிக்காம நடந்தா வேல எப்படி ஆகும்?" என்றார். ஆனால் அடுத்த வாரம் உள்ளே போட்டுவிட்டார். அந்த வாடை மூக்கில் ஏறியபோது எனக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. உர வாடையை நினைத்து அழுதவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கட்டுத்துணியை மாற்றுவதற்கு ஸ்டோரில் வசதி இருந்தது. பின்பக்கம் பழைய அடுக்குக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே போவேன், வருவேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில் உதவி மேனேஜராக ஒரு சின்ன தொரை வந்தார். சிரம்பானில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். படித்து முடித்து முதல் வேலை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்து காட்ட வேண்டும் என்று அவருக்கு ஒரு வேகம். ஸ்டோரில் பொட்டாஷ் மூட்டைகள் குறைகின்றன என்று கண்டுபிடித்தார். கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்தில் சொந்தமாகச் செம்பனை வைத்திருப்பவர்களுக்கு யாரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தி விற்கிறார்கள் என்று பேச்சு பரவியது. ஒருத்தி அடிக்கடி அடுக்குக்குப் பின்னால் போகிறாள், பாவாடைக்குள் என்னவோ புடைப்பாகத் தெரிகிறது, காலை அகட்டி நடக்கிறாள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்கிறார்கள்.

மத்தியானம் வேலை முடிந்து எல்லோரும் ஸ்டோர் முன்னால் கூடியிருந்த நேரம். குலை வெட்டுகிறவர்கள் அரிவாளைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்கள். மாரிமுத்துவும் இருந்தார். நான் வெளியே வந்தபோது சின்ன தொரை கையை நீட்டி மறித்தார்.

"நில்லு. உள்ள என்னா கட்டி வெச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லீங்க தொர."

"ஒண்ணும் இல்லைனா ஏன் இப்படி நடக்கிற? போலீசக் கூப்பிடவா, நீயே எடுத்துக் குடுக்கிறியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், முகத்தை அல்ல, இடுப்புக்குக் கீழே. ரெங்கசாமி மண்டோர் ஏதோ சொல்ல வந்து, வாயிலிருந்த கிராம்பைத் துப்பிவிட்டு நின்றார். மாரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அஞ்சலை, என்னா இருந்தாலும் காட்டிரு. மானம் போவுது" என்றார். நான் திருடியிருப்பேன் என்று அவரும் ஒரு கணம் நினைத்தார். அந்தப் பயத்தில் எனக்குச் சிறுநீர் போய்விட்டது. ஸ்டோர் வாசல் சிமெண்டுத் தரையில், எல்லோர் கண் முன்னாலும்.

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையிலிருந்து மீனாட்சி அக்கா ஓடி வந்தார். "ஆம்பளைங்க அந்தப் பக்கம் திரும்புங்க. பொம்பளைய நாங்க பாக்குறோம்" என்று சத்தம் போட்டார். பெண்கள் என்னைச் சுற்றி வட்டமாக நின்று, தோளில் கிடந்த கைலிகளை விரித்துப் பிடித்தார்கள். அந்தத் துணிச் சுவருக்குள் நான் பாவாடையைத் தூக்கினேன். அக்கா குனிந்து பார்த்தார். கட்டை அவிழ்த்தார்.

"எவ்வளவு நாளாடி?"

"மூணாவது பிறந்ததுல இருந்து."

"இதோடயா மண்வெட்டி பிடிச்ச?"

வட்டத்தில் கைலி பிடித்து நின்ற காளியம்மா, தலையைத் திருப்பாமல் மெல்லிய குரலில் சொன்னாள்: "எனக்கும் இருக்குடி." அவளுக்கு அடுத்தவள் கைலியை உயர்த்தித் தன் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

வெளியிலிருந்து சின்ன தொரை, "என்னா இருக்கு? எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"பொம்பள சமாச்சாரம் தொர, விடுங்க."

"என்னா சமாச்சாரம்? நான் மேனேஜருக்குப் பதில் சொல்லணும் லா."

மீனாட்சி அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. "மூட்ட தூக்கித் தூக்கி இவளுக்குக் கர்ப்பப்பை வெளிய தள்ளிருச்சு. துணியக் கட்டிக்கிட்டு வேல செய்யுறா. போய் உங்க மேனேஜர்கிட்ட இதையே சொல்லுங்க!"

அவர் எனக்காகத்தான் கத்தினார். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தோட்டத்துக்கே கேட்டது. கைலிகள் இறங்கியபோது ஆண்கள் எல்லோரும் மரத்தையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன தொரை முகம் சிவந்து ஆபீசுக்குள் போய்விட்டார். மாரிமுத்து நின்ற இடம் காலியாக இருந்தது.

திருட்டே நடக்கவில்லை என்பது அப்புறம் தெரிந்தது. அடுக்கின் அடியில் கிடந்த மூட்டைகளில் ஈரம் ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிச் சுவரோடு சுவராகக் கிடந்தன. மேலே விரல் கனத்துக்குத் தூசி படிந்திருந்ததால் எண்ணியவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நாங்கள்தான் கடப்பாரையால் அதை உடைத்தெடுத்தோம். யாரும் என்னிடம் வந்து எதுவும் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது என்றுதான் அன்றைக்கு எனக்கும் தோன்றியது.

ரெங்கசாமி மண்டோர் அதன் பிறகு என்னை நேராகப் பார்த்துப் பேசவே இல்லை. அடுத்த நாள் காலையில் நான் போனபோது அவர் தானே தரையில் உட்கார்ந்து, காட்டுக்குப் போக வேண்டிய மூட்டைகளைப் பிரித்துப் பாதி பாதியாகக் கொட்டி, கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தையல் வரவில்லை, விரலெல்லாம் குத்துப்பட்டிருந்தது. நாங்களும் உட்கார்ந்து தைத்தோம். மேனேஜரான பெரிய தொரை வந்து, இது என்ன இரட்டை வேலை என்று கேட்டார்.

"முழு மூட்ட அடி கிழிஞ்சிருதுங்க தொர. உரம் வீணாவுது" என்றார் மண்டோர்.

உண்மைக் காரணத்தை அவராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. மூட்டை கிழிகிறது என்ற பெயரிலேயே அந்தப் பழக்கம் எங்கள் டிவிஷனில் கடைசிவரை நின்றது.

மாரிமுத்து பல நாள் என்னோடு பேசவில்லை. கோபமா, அருவருப்பா என்று எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைப்பேன், சாப்பிடுவார், போவார். ஒரு காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, "கெளம்பு. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரி" என்றார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் பக்கம் ஒதுங்கினேன். ஒதுங்க ஒதுங்க அவரும் நகர்ந்து வந்தார்.

டாக்டர் ஒரு மலாய்க்கார அம்மா. என்னைச் சோதித்துவிட்டு, இது எப்படி வந்தது, இவ்வளவு நாள் ஏன் வரவில்லை என்று மலாயில் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாரிமுத்துதான் வாயைத் திறந்தார். அந்த உறுப்புக்கு மலாயில் என்ன பெயர் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லியிருக்கமாட்டார். "டியா அங்காட் பாஜா" என்றார். இவள் உரம் தூக்கினாள் என்று அர்த்தம். சற்று நிறுத்தி, நெஞ்சைத் தொட்டு, "சயா தா தாவு" என்றார். எனக்குத் தெரியாது என்று. டாக்டர் அவரைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டாமல், கைக்குட்டையை எடுத்து மாரிமுத்துவின் கையில் கொடுத்தார். அப்போதுதான் நான் நிமிர்ந்து மாரிமுத்துவின் முகத்தைப் பார்த்தேன்.

ஆபரேஷன் நடந்தது. உடம்பு சரியானது. ரெங்கசாமி மண்டோர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, சில வருடங்கள் கழித்து அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். மங்குத் தட்டில் பரப்பிப் பார்ப்பதும் "இன்னொரு தடவ" என்பதும் எனக்கும் பழகிவிட்டது. ஆனால் ஸ்டோர் முன்னால் இருந்த அந்தச் சிமெண்டுத் தரையை நான் மிதித்ததில்லை. பக்கவாட்டில் புல் வழியாகச் சுற்றித்தான் உள்ளே போவேன். மண்டோருக்கு என்ன கர்வம் பார் என்று புதியவர்கள் பேசிக்கொண்டார்கள்.

தமிழ் ஆட்கள் ஒவ்வொரு குடும்பமாக டவுனுக்குப் போய்விட்டார்கள். இந்தோனேசியாவிலிருந்து பெண்கள் வந்தார்கள். அவர்களில் சுமியாத்தி என்று ஒருத்தி, நல்ல வேலைக்காரி. சிரித்த முகம். ஒரு மழை மாதத்தில் அவள் நடை மாறியது. ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிற நடை. எனக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பாதி மூட்டையும் பாரம்தானே. அவள் ஊரில் எத்தனை பிள்ளை பெற்றுவிட்டு வந்தவளோ. தெரிந்தும் கேட்கத் துணிவில்லை. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் உடம்பு கூசியது.

கடைசியில் அவளை அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போய் எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். "ஒன்றுமில்லை மாச்சி, முதுகுவலி" என்றாள். மாச்சி என்றால் அவர்கள் மூத்த பெண்களைக் கூப்பிடுகிற முறை. நான் உரக் குவியலைப் பார்த்தபடி என் கதையைச் சொன்னேன். துணி கட்டியதை, வாடைக்குப் பயந்ததை, எல்லோர் முன்னும் நின்றதை. பாதியில் நிறுத்தினால் மறுபடி தொடங்கமாட்டேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள்.

மறுநாள் தம்பின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கூடம் நிறைய ஆட்கள். எங்கள் தோட்டத்து ஆண்கள் இரண்டு பேர்கூட எதிர் வரிசையில் இருந்தார்கள். நர்ஸ் கையிலிருந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு, அங்கிருந்தே உரக்கக் கேட்டாள், கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று வந்தது யார் என்று. சுமியாத்தி என் பக்கத்தில் சுருங்கிப் போனாள். அவள் விரல்கள் நாற்காலி விளிம்பை இறுக்கிப் பிடித்தன.

நான் எழுந்து நின்றேன். "எனக்குத்தான்" என்றேன். குரல் எப்படி வந்ததென்று தெரியவில்லை. பெரிதாகவே வந்துவிட்டது. கூடமே திரும்பிப் பார்த்தது. முகமெல்லாம் எரிந்தது. அவள் கையைப் பிடித்து எழுப்பி உள்ளே அழைத்துப் போனேன். கதவைச் சாத்திய பிறகுதான் டாக்டரிடம், எனக்கில்லை, இவளுக்குத்தான் என்று சொன்னோம்.

வெளியே வந்தபோது அந்த இரண்டு ஆண்களும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசல் வரைக்கும் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தேன். சுமியாத்தி குனியவில்லை.